அருவியில் குணமான என் மகள்

ஆடி மாதம் ஏழாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஐந்து ஐம்பது. மழை என்று சொல்ல முடியாது, சாரல். குடை பிடித்தால் வெட்கமாக இருக்கும், பிடிக்காவிட்டால் பத்து நிமிடத்தில் சட்டை உடம்போடு ஒட்டிவிடும், அந்த மாதிரிச் சாரல். மேற்கே மலை இருக்க வேண்டிய இடத்தில் மேகம்தான் இருந்தது. குத்துக்கல்வலசையில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. ஏழு பேர் உட்காரக்கூடிய வண்டியில் எட்டுப் பேர் ஏறினோம். தெருப் பெண்கள் ஆறு பேர், என் மகள், நான். என் மகளுக்குக் கால் குணமாக வேண்டும் என்று அவளைக் குற்றாலத்துக்கு அழைத்துப் போனார்கள். தொலைக்காட்சியில் ஒருத்திக்கு அங்கே குணமாகியிருந்தது.

மகளுக்கு வயது முப்பத்தாறு. பிறந்தவுடன் அழவில்லை, அழவைப்பதற்குள் மூளையில் எங்கோ சேதம் ஆகிவிட்டது. அதனால் இடது கையும் இடது காலும் இறுக்கம். கை மார்போடு மடிந்தே இருக்கும். கால், ஒவ்வோர் அடிக்கும் தரையில் ஓர் அரைவட்டம் போட்டுத்தான் முன்னால் வரும். பேச்சும் மெதுவாக வரும். சில சொற்களுக்கு முன்னால் சற்று நின்று மூச்சு வாங்குவாள். இவ்வளவுதான் அவளுக்கு. கணிதத்தில் எம்.எஸ்சி., பிறகு பி.எட். வேலை கேட்டு ஆறு பள்ளிக்கூடங்களுக்குப் போனாள். ஆறு இடத்திலும் நாற்காலி போட்டு உட்காரவைத்து, காபி கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

அதன் பிறகுதான் எங்கள் முன்னறையில் ஒரு கரும்பலகையை மாட்டி டியூஷன் ஆரம்பித்தாள். ஒன்பது வருடங்களாகின்றன. ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரை, கணக்கு மட்டும். புதிதாக வரும் பிள்ளைகள் முதல் வாரம் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். இரண்டாம் வாரம் பலகையைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். தெருவில் பெரியவர்கள்கூட அவளை ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிட்டார்கள். அந்த ஒரு சொல்லுக்காகவே அவள் ஜுரத்தோடும் வகுப்பு எடுத்திருக்கிறாள்.

நான் ஊராட்சி ஒன்றியங்களில் புள்ளிவிவரப் பிரிவில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தவன். திருவேங்கடம் கரிசல் காட்டில் ஆடு எண்ணியிருக்கிறேன், இலத்தூர்ப் பக்கம் கிணறும் தென்னையும் எண்ணியிருக்கிறேன். ஓய்வுபெற்ற பிறகு எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை. சாயங்காலம் வாசலில் கிடக்கும் பிள்ளைகளின் செருப்புகளை எண்ணுவேன். அந்த ஆடி மாதம் பத்தொன்பது ஜோடி கிடந்தது.

வகுப்பு ஐந்தரைக்கு ஆரம்பித்து ஏழு இருபத்தைந்துக்கு முடியும். இந்த ஏழு இருபத்தைந்து தாய்மார்கள் வைத்த நேரம். ஏழரைக்குத் தொடர் ஆரம்பிக்கும். பிள்ளையை இழுத்துக்கொண்டு வீடு போய்ச் சேர ஐந்து நிமிடம் வேண்டாமா?

எங்கள் வீட்டிலும் அந்தத் தொடர் ஓடியது. என் மனைவி பார்த்தாள், அவளோடு மகளும் பார்த்தாள். ஒரு ஜவுளிக்கடைக் குடும்பத்துக் கதை. அதில் இளைய மருமகள் ஒரு காலை இழுத்து நடப்பவள். அவளைப் போல ஒரு நல்லவள் உலகத்தில் கிடையாது. மாமியார் சுடுதண்ணீரைக் கொட்டினாலும் மாமியாருடைய பாதம் சுட்டுவிட்டதா என்று குனிந்து பார்ப்பாள். என் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைப்பாள். மகள் சிரிப்பாள்.

“எப்பா, இங்க பாருங்க. திங்கக்கிழம இடது கால இழுத்தா. இன்னைக்கி வலது கால இழுக்கா. முறை வச்சு இழுப்பா போல.”

“ஏட்டி, சும்மா கெட. அந்தப் பிள்ள படுத பாட்டுக்கு, நீ கால எண்ணிக்கிட்டு இருக்கியா?” என்பாள் மனைவி.

“நான் எண்ணாம வேற யாரு எண்ணுவாம்மா.”

ஆனி நடுவில் அந்தத் தொடர்க்காரர்கள் படம் பிடிக்கக் குற்றாலத்துக்கே வந்தார்கள். இரண்டு நாள். எங்கள் எதிர்வீட்டுக்காரர் ஹெட் கான்ஸ்டபிள். அவருக்குத்தான் அங்கே பாதுகாப்பு வேலை போட்டிருந்தார்கள். அவருடைய மனைவி நல்ல மாதிரி, கலகலப்பான பெண். எங்களை மாமா, அத்தை என்று கூப்பிடுவாள். அவளுடைய மகள் ஒன்பதாம் வகுப்பு. வகுப்பில் முதல் வரிசை. அந்தப் பெண்மணி குற்றாலத்துக்குப் போய் நடிகையோடு நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டு வந்தாள். “வேனை விட்டு இறங்கிக் குடுகுடுன்னு ஓடுதா மாமா, நம்ம தெருப் பிள்ளையள மாதிரி” என்று அவளே வந்து சொன்னாள். ஆகவே நடிகையின் காலில் ஒன்றுமில்லை என்று எல்லாருக்கும் தெரியும். இதைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். எல்லாருக்கும் தெரியும்.

பத்து நாள் கழித்து அந்தக் காட்சி வந்தது. இளைய மருமகளை நான்கு பேர் தாங்கிப் பேரருவிக்குள் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். தண்ணீர் விழுகிறது. இசை எழும்புகிறது. அவள் பிடித்திருந்த கைகளை உதறிவிட்டுத் தானாக நடந்து வருகிறாள். என் மனைவி விம்மி அழுதாள். மகள் அன்றைக்கு எழுந்து போய் விடைத்தாள் திருத்த உட்கார்ந்துவிட்டாள். வரப்போவது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மறுநாளே ஆரம்பித்தது. பால் கொடுக்க வருபவர் சொன்னார். ரேஷன் கடையில் சொன்னார்கள். பிள்ளைகளைக் கூப்பிட வந்த தாய்மார்கள் வாசலில் நின்று சொன்னார்கள். “இவ்வளவு பக்கத்துல அருவிய வச்சுக்கிட்டு டீச்சர இப்படி விட்டு வச்சிருக்கியளே.” ஏதோ நான் முப்பத்தாறு வருடமாக மருந்தை அலமாரியில் பூட்டிவைத்திருப்பது போல. எதிர்வீட்டுப் பெண்மணியிடம் நான் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தேன்.

“அம்மா, நீயே பாத்த. அவ நல்லா நடக்கவ. காசு வாங்கிட்டு நடிக்கா.”

“அவ நடிக்கா, சரி மாமா. அருவியுமா நடிக்குது?”

வேறு ஊரில் என்றால் அதைக் கதை என்று விட்டிருப்பார்கள். இங்கே எல்லாரும் வருஷா வருஷம் அந்தத் தண்ணீருக்குள் தலையைக் கொடுத்தவர்கள். மூலிகைத் தண்ணீர் என்று சொல்லியே வளர்ந்தவர்கள். பொய்க் கதையில் அவர்களுடைய சொந்த அருவி வந்து சாட்சி சொல்லிவிட்டது.

நான் முடியாது என்றேன். குளிர்ந்த தண்ணீர் பட்டால் அவளுடைய தசைகள் முறுக்கிக்கொள்ளும். சித்திரையில்கூட வெந்நீரில் குளிப்பவள். அதைச் சொன்னேன். சொன்னதற்கு, “பெத்தவுகளுக்கே மனசில்லன்னா நாம என்ன செய்ய” என்று தெருமுனையில் ஒரு பேச்சு. என் மனைவி என்னைப் பார்த்துக்கொண்டேயிருந்தாள். அந்தப் பார்வை பேச்சைவிட மோசம்.

கடைசியில் மகள்தான் முடிவு செய்தாள். “போயிட்டு வந்துருவோம்ப்பா.”

“உனக்குக் கிறுக்கா? நீயுமா நம்புத?”

“ஒரு விதி தப்புன்னு காட்ட ஒரே ஒரு எதிர் உதாரணம் போதும். நான் போய் நனைஞ்சிட்டு, போன மாதிரியே திரும்பி வருதேன். எல்லாரும் கண்ணால பாப்பாவ. அதோட இந்தப் பேச்சு முடிஞ்சிரும். இல்லன்னா தினம் சாயங்காலம் வாசல்ல நின்னு பேசிக்கிட்டே இருப்பாவ, எனக்கு வகுப்பு நடத்த முடியல.”

அவள் சொன்னதில் நான் பிழை காணவில்லை. பெண்கள் ஆடிச் செவ்வாய் பார்த்து நாள் குறித்தார்கள். ஆட்டோ வாடகையை நான் கொடுக்க வந்தபோது ஆறு பேரும் என் கையைத் தள்ளிவிட்டார்கள்.

குற்றாலத்தில் ஆட்டோ நின்ற இடத்திலிருந்து அருவிக்குக் கடைகளுக்கு நடுவில் நடக்க வேண்டும். என் மகள் தினமும் தனியாகக் கடைத்தெருவுக்குப் போய்க் காய்கறி வாங்கி வருகிறவள். அன்று அவளை நடக்கவிடவில்லை. இந்தப் பக்கம் இருவர், அந்தப் பக்கம் இருவர், கக்கத்தில் கைகொடுத்துத் தூக்காத குறையாகக் கொண்டுபோனார்கள். தொடரில் அப்படித்தான் கொண்டுபோனார்கள். அவள் திரும்பி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். நேந்திரங்காய் சிப்ஸ் பொரித்துக்கொண்டிருந்தவர் கரண்டியோடு நின்று வேடிக்கை பார்த்தார். குளிக்க வந்த வெளியூர்க்காரர்கள், “அந்த சீரியல்ல வந்த மாதிரியே” என்று சொல்லிக்கொண்டு வழிவிட்டார்கள். இரண்டு மூன்று பேர் செல்போனை உயர்த்தினார்கள்.

பேரருவியில் பெண்கள் குளிக்கும் பக்கம் தனி. அதன் வாசலில் பெண் போலீஸ் என்னைத் தடுத்தார்.

“பெரியவரே, இது பொம்பளையாளுவ பக்கம். நீங்க அங்கன போங்க.”

“எம் மக உள்ள போறா. அவளுக்குக் குளுந்த தண்ணி ஆகாது.”

“எல்லாரு மகளுந்தான் உள்ள இருக்காவ. போங்க, போங்க.”

நான் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெண்களின் தலைகள் தெரிந்தன, தண்ணீர் தெரிந்தது, யார் தலை என் மகளுடையது என்று தெரியவில்லை. அந்த இரைச்சலில் ஒருவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் கூப்பிட்டவனுக்கே கேட்காது. நான் கூப்பிட்டேன். பக்கத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு நின்ற ஒருவர் எனக்குத்தான் ஏதோ உடம்புக்கு என்று நினைத்து, “உக்காருங்க அண்ணாச்சி” என்று தோளைப் பிடித்தார். என் வாழ்க்கையில் எதையாவது எண்ணாமல் நின்ற நேரம் என்றால் அதுதான். எவ்வளவு நேரம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவர்கள் வெளியே வந்தார்கள். மகளுக்கு உதடு நீலம் பாய்ந்திருந்தது. இடது கை முறுக்கிக்கொண்டு முகவாய்வரை ஏறியிருந்தது. எதிர்வீட்டுப் பெண்மணியும் இன்னொருத்தியும் தாங்கப் போனார்கள். மகள் வலது முழங்கையால் அவர்களைத் தள்ளினாள். குளிரும் எரிச்சலும் அவளுக்கு. யாரையும் பிடிக்காமல், காலை அரைவட்டம் போட்டுப் போட்டு, ஈரப் படியில் இறங்கி, முப்பத்தாறு வருடமாக நடந்த அதே நடையில் என்னிடம் நடந்து வந்தாள்.

அப்போது கூட்டத்தில் யாரோ ஒரு பெண் கத்தினாள். “நடக்கா! ஏட்டி, பாருங்கட்டி, தானா நடக்கா!”

“எப்பா, குளுருது. போவோம்” என்றாள் மகள்.

திரும்பும்போது ஆட்டோவில் எதிர்வீட்டுப் பெண்மணி, “முன்னைக்கு இப்பம் கொஞ்சம் நேரா வந்த மாதிரி இல்ல?” என்றாள். இன்னொருத்தி, “நானும் அதத்தான் நெனைச்சேன்” என்றாள். அவர்கள் என் மகளைத் தினமும் பார்ப்பவர்கள். அவள் நடப்பதைத் தினமும் பார்ப்பவர்கள். ஆட்டோ எங்கள் தெருவுக்குள் திரும்புவதற்குள் ஆறு பேரில் ஐந்து பேர் அந்த வித்தியாசத்தைப் பார்த்துவிட்டார்கள். ஆறாமவள் தூங்கிவிட்டாள்.

மதியத்துக்குள் வீடியோ வந்துவிட்டது. பதினேழு விநாடி. முதலில் நான்கு பேர் அவளைத் தாங்கிக்கொண்டு போவது. உடனே வெட்டி, அவள் கைகளை உதறிவிட்டுத் தானாக நடந்து வருவது. நடுவில் அருவி. பின்னால் அந்தத் தொடரின் இசையை யாரோ சேர்த்திருந்தார்கள். ‘குற்றாலத்தில் அதிசயம்’ என்று மேலே எழுத்து ஓடியது. ஓய்வுபெற்ற அலுவலர்கள் குழுவிலிருந்து எனக்கு வந்தது. திருவேங்கடத்திலிருந்து என் சித்தப்பா மகன் போனில் கூப்பிட்டு அழுதார். “அண்ணாச்சி, கடைசியில கடவுள் கண்ணத் தொறந்துட்டாரு.” இல்லையப்பா, அவள் எப்போதும் அப்படித்தானே நடப்பாள், நீ பார்த்ததில்லையா என்றேன். “இருக்கட்டும் அண்ணாச்சி, வெளிய சொன்னா கண்ணு பட்டுரும்” என்று அவரே குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

மகள் மூன்று நாள் படுக்கையில் கிடந்தாள். கால் தசை கட்டையாகிவிட்டது. மனைவி வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து ஒற்றடம் கொடுத்துக்கொண்டேயிருந்தாள். மூன்றாம் நாள் நான் சமையலறைக்குப் போனபோது, அவள் அடுப்பு மேடையில் செல்போனைச் சாய்த்து வைத்து அந்த வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் மறுபடி தொட்டாள்.

“அது பொய்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியும்” என்றாள். “பாக்க நல்லாருக்கு.”

நான் தண்ணீர் குடிக்க வந்தவன், குடிக்காமல் திரும்பிவிட்டேன்.

நான்காம் நாள் வகுப்பு நடந்தது. வாழ்த்துச் சொல்ல வந்தவர்களும் வாசலில் நின்றார்கள். ஒருவர் பூ, ஒருவர் ரம்புட்டான் பழம். எல்லாரும் அவளை இரண்டடி நடந்து காட்டச் சொன்னார்கள். நடந்தால், “இன்னும் லேசா இழுக்குதே” என்றார்கள். எனக்கு ஒன்றும் குணமாகவில்லை, நான் எப்போதும்போலத்தான் இருக்கிறேன் என்று அவள் ஒவ்வொருவரிடமும் மூச்சு வாங்கி மூச்சு வாங்கிச் சொன்னாள். கண்ணேறு பட்டுவிடும் என்று மறைக்கிறாள் என்று அவர்களும் புரிந்துகொண்டு தலையாட்டினார்கள். பெருமையாகக்கூட இருந்தது அவர்களுக்கு. இவ்வளவு அடக்கமான பிள்ளை.

“எதிர் உதாரணம் எப்படி இருக்கு?” என்று நான் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

“சேத்துக்கிட்டாவ” என்றாள். “அவுக விதிக்குள்ளேயே என்னையும் சேத்துக்கிட்டாவ.”

அதோடு விட்டிருந்தால்கூடப் போயிருக்கும். ஆவணி நடுவில் அந்தத் தொடரில் கதை திரும்பியது. எழுதியவருக்கு என்ன தோன்றியதோ, இளைய மருமகள் கெட்டவளாகிவிட்டாள். அவளுக்குக் காலில் ஆரம்பத்திலிருந்தே ஒன்றுமில்லையாம். சொத்துக்காக நொண்டியதாம். அருவிக் குளியலும் அவள் போட்ட திட்டமாம். ஒருநாள் பூராவும் அவள் கண்ணாடி முன் நின்று, ஒரு காலை இழுத்து, சிரித்து, நேராக நிமிர்ந்து, மறுபடி சிரித்தாள். என் மனைவி தொலைக்காட்சியை அணைத்துவிட்டாள். அவள் தானாக அதை அணைத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஆனால் எங்கள் வீட்டில் அணைத்ததால் தெருவில் அணையவில்லை. ஜன்னல் ஜன்னலாக அந்தச் சிரிப்பு கேட்டது.

மறுநாள் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், முரடன் அல்ல, நல்ல பையன், பின்னம் போடுவதற்கு நடுவில் கை தூக்கினான்.

“டீச்சர், நீங்க எப்பம் நிறுத்துவிய?”

“எத லே?”

“நடிக்கத.”

யாரும் சிரிக்கவில்லை. அவனும் கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். நான் அடுத்த அறையில் நாளிதழ் பிடித்தபடி நின்றேன். மகள் கரும்பலகைப் பக்கம் திரும்பி அடுத்த கணக்கை எழுதினாள். சாக்பீஸ் இரண்டு தடவை உடைந்தது.

செருப்புகள் குறையத் தொடங்கின. பதினாறு. பதினொன்று. ஒருவருக்குப் பள்ளியிலேயே சிறப்பு வகுப்பாம், ஒருவருக்கு ஹிந்தி டியூஷன் நேரம் மோதுகிறதாம். புரட்டாசி பிறக்கும்போது ஏழு. எதிர்வீட்டுப் பெண்மணி மட்டும் காரணம் சொல்லாமல் நிறுத்தக்கூடாது என்று நேரில் வந்தாள். நான் முன்பே சொன்னேன், நல்ல மாதிரி. மகள் உள்ளே இருந்தாள். நான் பீரோவைத் திறந்து, மகளுக்கு அரசு மருத்துவர்கள் கொடுத்த ஊனச் சான்றிதழை எடுத்துவந்து அவளிடம் நீட்டினேன். முத்திரை, கையெழுத்து, சதவீதம் எல்லாம் இருக்கிறது.

“சர்டிபிகேட் அவளும் வச்சிருந்தாளே மாமா” என்றாள்.

“எவ?”

“சீரியல்ல.”

“ஏம்மா, முப்பத்தாறு வருசமா ஒருத்தி எதுக்கு நடிக்கணும்? எதுக்குன்னு சொல்லு.”

“அதான் மாமா எங்களுக்கும் புரியல. தப்பா எடுத்துக்காதிய. குணமாச்சுன்னு நாங்க கண்ணால பாத்தோம். அப்புறமும் இழுத்து நடந்தா, பிள்ளையளுக்கு என்ன சொல்ல? அதுவோ வீட்டுல வந்து கேக்குது.”

“குணமாகல. அன்னைக்கும் ஆகல, இன்னைக்கும் ஆகல.”

“வீடியோல இருக்கே மாமா” என்றாள், மெதுவாக, என்னைப் புண்படுத்திவிடக் கூடாதே என்று.

உள்ளே நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது. மகள் வெளியே வரவில்லை.

தொடர் ஒளிபரப்பான சானலின் எண்ணைத் தேடிப்பிடித்து நான் கூப்பிட்டேன். முதல் மூன்று தடவையும் பதிவு செய்த குரல் என்னை அந்த எண்ணை அழுத்து, இந்த எண்ணை அழுத்து என்றது. நான்காம் தடவை ஒரு பெண் எடுத்தாள். நான் சொன்னதையெல்லாம் முழுக்கக் கேட்டாள். பொறுமையான பெண். பிறகு, “சார், அது கதைதானே சார்” என்றாள். ஆமாம் அம்மா, கதைதான் என்றேன். வைத்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் தொலைக்காட்சி வந்து முப்பத்தெட்டு வருடம், மகளைவிட இரண்டு வயது மூத்தது. அன்றைக்குப் படுத்துக்கொண்டு யோசித்துப் பார்த்தேன், இத்தனை வருடத்தில் அதற்குள் என் மகளைப் போன்றவர்கள் எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று. நிறையப் பேர் வந்திருக்கிறார்கள். அழவைக்க வந்தவர்கள், பழிவாங்க வந்தவர்கள், கடைசிக் காட்சியில் எழுந்து நடந்தவர்கள். நகைச்சுவைக்குத் திக்கிப் பேசியவர்களைப் பார்த்து நானே சிரித்திருக்கிறேன், அவள் பிறப்பதற்கு முன்னால், பிறந்த பின்னால்கூட. ஒருத்தியாவது காய்கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, பிள்ளைகளுக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்துவிட்டுச் சாப்பிட்டுப் படுத்ததாக ஞாபகம் இல்லை. தெருவில் இருப்பவர்களும் அதே பெட்டியைத்தான் பார்த்தார்கள். என் மகளை எதில் சேர்ப்பது என்று தெரியாமல், முதலில் அழவைப்பவளோடு சேர்த்தார்கள், பிறகு எழுந்து நடந்தவளோடு, பிறகு சொத்துக்கு நடித்தவளோடு. ஒன்பது வருடம் கண்முன்னே வகுப்பெடுத்தவள் அந்த வரிசையில் எங்குமே இல்லை.

வாசலில் நான்கு ஜோடிச் செருப்பு மட்டும் கிடந்த வாரம், எதிர்வீட்டுப் பெண்மணி மறுபடி வந்தாள். பிள்ளையை அனுப்ப அல்ல, யோசனை சொல்ல.

“மாமா, நான் சொல்லுதேன்னு கோவப்படாதிய. டீச்சருக்கு ஒரு கம்பு வாங்கிக் குடுங்க. கையில கம்பு இருந்தா ஒருத்தரும் ஒண்ணும் பேச மாட்டாவ. சும்மா கைய வீசிக்கிட்டு நடந்தா யாருக்குத்தான் சந்தேகம் வராது?”

எனக்குக் கோபம் வந்தது. கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் மகள் அறையிலிருந்து வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“வாங்குங்கப்பா” என்றாள்.

“உனக்குக் கம்பு எதுக்கு? பிடிக்கதுக்குக் கை ஏது?”

“எனக்கு இல்ல. அவுகளுக்கு.”

தென்காசியில் கோயிலை ஒட்டிய தெருவில் மருத்துவ உபகரணங்கள் விற்கும் கடை ஒன்று உண்டு. “யாருக்கு அண்ணாச்சி, உங்களுக்கா?” என்றார் கடைக்காரர். மகளுக்கு என்றேன். எந்தப் பக்கம் பலவீனம் என்று கேட்டார். இடது. அப்படியானால் வலது கையில் பிடிக்க வேண்டும் என்று ஓர் அலுமினியத் தடியை எடுத்துக் காட்டினார். வலது கையில்தான் அவள் எழுதுகிறாள், பை தூக்குகிறாள், சாப்பிடுகிறாள், கதவைத் திறக்கிறாள். அவளுக்கு வேலை செய்யும் கை அது ஒன்றுதான். இதை அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? அடியில் மாட்டும் ரப்பர் மூன்று மாதத்தில் தேய்ந்துவிடும், வழுக்கும், அதனால் இன்னொன்று சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை மகள் தடியோடு கடைத்தெருவுக்குப் போனாள். கை காலியாக இல்லாததால் பை தூக்க நான் கூடவே போக வேண்டியதாயிற்று. அவள் நடையே கெட்டுவிட்டது. காலின் அரைவட்டத்துக்குக் குறுக்கே தடி வந்து வந்து விழுந்தது. கீரை விற்பவள் பார்த்துவிட்டு வாயில் கைவைத்தாள்.

“அய்யோ டீச்சர், திரும்பவும் வந்துட்டா?”

“ஆமா” என்றாள் மகள்.

“பாவம்” என்று ஒரு கட்டுக் கீரை அதிகம் வைத்தாள்.

சாயங்காலம் எதிர்வீட்டுப் பெண்மணி தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கண் கலங்கியிருந்தது. நிஜமாகவே கலங்கியிருந்தது. “அருவித் தண்ணி கொஞ்ச நாளைக்குத்தான் தாங்கும் போல மாமா” என்றாள். நான் தலையை ஆட்டினேன். அடுத்த வாரம் வாசலில் ஒன்பது ஜோடி கிடந்தது, ஐப்பசியில் பதின்மூன்று. மற்ற ஆறு திரும்பி வரவில்லை. வந்தவர்கள் இப்போது அவளிடம் குரலைத் தாழ்த்திப் பேசுகிறார்கள். பிள்ளைகள் அவள் எழும்பினால் ஓடிப்போய்க் கையைப் பிடிக்கிறார்கள். தப்பாகப் போட்ட கணக்குக்கு அவள் திட்டினால் தாய்மார்கள், “விடுங்க டீச்சர், உங்க உடம்புக்கு இது எதுக்கு” என்கிறார்கள். அவள் இப்போது திட்டுவதில்லை.

வகுப்பு நடக்கும்போது தடி கரும்பலகையை ஒட்டி, வாசலில் நிற்பவர்களுக்குத் தெரிகிற மாதிரி, சாய்ந்து நிற்கும். வகுப்பு முடிந்து கடைசிப் பிள்ளை போனதும் மகள் அதை அங்கேயே விட்டுவிட்டு, காலை அரைவட்டம் போட்டுக்கொண்டு சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடிப்பாள். நான் கதவைச் சாத்திவிட்டு அதை எடுத்து மூலையில் வைப்பேன்.

ஐந்து மாதமாகிறது. தினமும் கடைத்தெருவுக்குப் போய் வந்த தடி. நேற்று ரப்பரைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். அதன் அடியிலிருக்கும் வளையங்கள் கடையில் பார்த்தபடியே இருக்கின்றன. ஒரு நாளும் அவள் அதில் ஊன்றவில்லை. இரண்டாவது ரப்பர் உறையோடு அலமாரியில் கிடக்கிறது. தடி எழுநூற்று எண்பது, ரப்பர் நாற்பது; ஆக எண்ணூற்று இருபது ரூபாய்.